விலகுபவர்கள் தீர்மானிக்கும் தேர்தல்

அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் யார் களமிறங்குகிறார் என்பதையே பேசுகிறார்கள். அறிவிப்புக் கூட்டத்துக்கு எவ்வளவு பேர் வந்தார்கள், முதல் காலாண்டில் எவ்வளவு நிதி திரண்டது, விவாத மேடையின் நடுவில் யாருக்கு இடம் கிடைத்தது என்பவையெல்லாம் மாதக்கணக்கில் அலசப்படுகின்றன. கடந்த சில தேர்தல்களைத் தொடர்ந்து கவனித்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. ஒரு கட்சிக்கு எந்த வேட்பாளர் வாய்க்கிறார் என்பதைப் போட்டியிடுவோரின் பட்டியல் தீர்மானிப்பதைவிட, அந்தப் பட்டியலிலிருந்து யார், எந்த நாளில், யாருக்குக் கைகொடுத்துவிட்டு வெளியேறுகிறார் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. ஜனநாயகக் கட்சியின் 2020 முதன்மைத் தேர்தல் இதற்கு மிகத் தெளிவான சான்று. அதற்கு நான்காண்டுகள் முன்பு குடியரசுக் கட்சியில் நடந்தது அதன் மறுபக்கம்.

2019 ஜூன் மாதம் மயாமியில் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதம் நடந்தபோது 20 பேரை ஒரே மேடையில் நிறுத்த இடமில்லாமல், இரவுக்குப் பத்துப் பேராக இரண்டு இரவுகளுக்குப் பிரித்தார்கள். அந்த மேடையில்தான் கமலா ஹாரிஸ், பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழிக்க மாணவர்களைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிய திட்டம் குறித்து ஜோ பைடனை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். அன்றிரவு அவர் பெயர்தான் எல்லா இடத்திலும் ஒலித்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே, பணம் போதவில்லை என்று கூறி அவர் விலகிவிட்டார். அன்று அது தோல்வியாகவே எழுதப்பட்டது. வாக்குப்பதிவில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் முன்கூட்டியே வெளியேறியது அவருக்கு எவ்வளவு உதவியது என்பது, எட்டு மாதங்கள் கழித்துத் துணை அதிபர் வேட்பாளராக அவர் பெயரையே பைடன் அறிவித்தபோதுதான் புரிந்தது.

வாக்குப்பதிவு தொடங்கியபோது பைடனின் நிலை பரிதாபமாக இருந்தது. பிப்ரவரி 3 அன்று அயோவாவில், கட்சி ஆதரவாளர்கள் நேரில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டங்களில் அவருக்கு நான்காம் இடம். முடிவுகளைத் தொகுப்பதற்காக உருவாக்கிய செயலி பழுதாகி, முழுக் கணக்கு வரப் பல நாள்கள் ஆனதால், அந்தச் சரிவை நாடு முழுமையாகக் கவனிக்காமல் போனது அவருடைய அதிர்ஷ்டம். பிப்ரவரி 11 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் 8 சதவீத வாக்குகளுடன் ஐந்தாம் இடம். கட்சி மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரை முடிவுசெய்யும் பிரதிநிதிகளில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. வாக்குப்பதிவு முடியும் முன்பே அவர் அந்த மாநிலத்தை விட்டுக் கிளம்பித் தென் கரோலினாவுக்குப் போய்விட்டார். 1988 தேர்தலுக்காக இறங்கி 1987 செப்டம்பரிலேயே விலகியவர் அவர். 2008-இல் அயோவாவில் ஒரு சதவீதம்கூடத் தேறாமல் அன்றிரவே விலகியவர். மூன்று முறை முயன்றும் ஒரு மாநிலத்தில்கூட முதலிடம் பிடிக்காதவருக்கு மறுபடியும் அதே கதிதான் என்று எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம் இடதுசாரிச் செனட் உறுப்பினர் பெர்னி சாண்டர்ஸ் முன்னேறிக்கொண்டிருந்தார். அயோவாவில் முன்னாள் மேயர் பீட் புட்டிஜெஜுடன் ஏறக்குறையச் சமநிலை, நியூ ஹாம்ப்ஷயரில் மயிரிழையில் முதலிடம், பிப்ரவரி 22 அன்று நெவாடாவில் மிகப் பெரிய வெற்றி. ஆனால் இந்த எண்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் ஒரு செய்தி மறைந்திருந்தது. அயோவா காக்கஸில், முதல் சுற்றில் 15 சதவீத ஆதரவு இல்லாத வேட்பாளரின் ஆதரவாளர்கள் இரண்டாம் சுற்றில் வேறொருவர் பக்கம் போகலாம். முதல் சுற்றில் சாண்டர்ஸ் புட்டிஜெஜைவிடச் சுமார் 6,000 பேர் முன்னிலையில் இருந்தார். இடம்மாறல் முடிந்தபோது அந்த வித்தியாசம் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதாவது முதல் விருப்பத்தில் சாண்டர்ஸ் வலுவானவர், இரண்டாம் விருப்பத்தில் அவ்வளவு வலுவானவர் அல்லர். களத்தில் ஆறேழு பேர் இருக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது. களம் சுருங்கினால் அதுவே எல்லாமாகிவிடும்.

இந்த இடத்தில் விதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜனநாயகக் கட்சியின் மாநாட்டுப் பிரதிநிதிகள் எல்லா மாநிலங்களிலும் விகிதாசார முறையில் பங்கிடப்படுகிறார்கள். ஆனால் மாநில அளவிலோ நாடாளுமன்றத் தொகுதி அளவிலோ 15 சதவீத வாக்கு வாங்காதவருக்கு அங்கே பங்கே கிடையாது. ஐந்து பேர் ஆளுக்கு 12, 13 சதவீதம் வாங்கி, ஒருவர் மட்டும் 30 சதவீதம் வாங்கினால், பெயரளவில் விகிதாசாரமாக இருக்கும் முறை நடைமுறையில் முதலிடம் பிடித்தவருக்கே அனைத்தையும் அள்ளிக்கொடுத்துவிடும். 415 பிரதிநிதிகளைக் கொண்ட கலிஃபோர்னியாவில் மார்ச் 3 அன்று சாண்டர்ஸ் ஒருவர் மட்டுமே 15 சதவீதத்தைத் தாண்டிவிடுவாரோ என்ற அச்சம் பிப்ரவரி இறுதியில் கட்சியின் மையவாதத் தரப்பை ஆட்டிவைத்தது. மாநாட்டின் முதல் சுற்று வாக்கெடுப்பில் வெல்லத் தேவையான 1,991 பிரதிநிதிகளை அவர் எட்டாவிட்டாலும், பிறரால் தொட முடியாத தூரத்துக்குப் போய்விடுவார் என்பது அவர்கள் கணக்கு. பிப்ரவரி 19 அன்று லாஸ் வேகஸ் விவாத மேடையில், பெரும்பான்மை இல்லாவிட்டாலும் அதிகப் பிரதிநிதிகளைப் பெற்றவரே வேட்பாளராக வேண்டுமா என்று கேட்டபோது, ஆம் என்று சொன்னவர் சாண்டர்ஸ் ஒருவர்தான். மற்ற ஐவரும் கட்சி வகுத்த நடைமுறைப்படியே ஆகட்டும் என்றார்கள். யாருடைய வெற்றி எதை நம்பியிருந்தது என்பது அந்த ஒரு பதில் வரிசையில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பிறகு தென் கரோலினா. அந்த மாநில ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவர்களிடையே பெருமதிப்புப் பெற்ற மூத்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன், வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னதாக, பிப்ரவரி 26 அன்று பைடனை ஆதரித்துப் பேசினார். நமக்கு ஜோவைத் தெரியும், அதைவிட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்பது அந்தப் பேச்சின் சாரம். அந்த ஒரு பேச்சுதான் தேர்தலையே புரட்டிப் போட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒபாமாவிடம் எட்டாண்டுகள் துணை அதிபராக இருந்தவர் மீது அந்த வாக்காளர்களுக்கு ஏற்கெனவே இருந்த நம்பிக்கைக்குக் கிளைபர்ன் வெளிப்படையான உருவம் கொடுத்தார் என்பதே சரியாக இருக்கும். பிப்ரவரி 29 அன்று பைடன் ஏறத்தாழ 49 சதவீதம் வாங்கினார். சாண்டர்ஸுக்கு 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முப்பதாண்டுகளுக்கும் மேலாக அதிபர் பதவியை நாடியவருக்கு முதல் மாநில வெற்றி அன்றுதான் கிடைத்தது.

அடுத்த மூன்று நாள்களில் நடந்தவைதான் என் வாதத்துக்கு மையம். தென் கரோலினா முடிவு வந்த இரவே, பெரும் பணம் செலவிட்டும் சுமார் 11 சதவீதமே பெற்ற தொழிலதிபர் டாம் ஸ்டேயர் விலகினார். மறுநாள், மார்ச் 1 மாலை, அயோவாவில் முன்னணியில் வந்த புட்டிஜெஜ் தன் சொந்த ஊரான சவுத் பெண்டில் விலகலை அறிவித்தார். மார்ச் 2 அன்று மினசோட்டா செனட் உறுப்பினர் ஏமி குளோபுச்சர் விலகினார். அன்றிரவே டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் இருவரும் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். முன்பே போட்டியிலிருந்து விலகிய பெட்டோ ஓ'ரூர்க்கும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். மறுநாள், பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய். 14 மாநிலங்களில் பத்தில் பைடன் வென்றார். மினசோட்டாவிலும் மாசச்சூசெட்ஸிலும் அவர் பெரிதாகப் பிரச்சாரமே செய்யவில்லை. இரண்டும் அவருக்குக் கிடைத்தன. மாசச்சூசெட்ஸ், இன்னும் களத்தில் இருந்த இடதுசாரிச் செனட் உறுப்பினர் எலிசபெத் வாரனின் சொந்த மாநிலம். அங்கே வாரனுக்கு மூன்றாம் இடம்.

புட்டிஜெஜும் குளோபுச்சரும் செய்ததை வெறும் தியாகமாகவோ வெறும் சூழ்ச்சியாகவோ பார்ப்பது சுலபம். புட்டிஜெஜ் விலகிய இரவு ஒபாமா அவரிடம் பேசினார் என்று அப்போதே செய்திகள் வந்தன. அதைப் பிடித்துக்கொண்டு, கட்சி மேலிடம் திட்டம் போட்டுச் சாண்டர்ஸைக் கவிழ்த்தது என்று அவருடைய ஆதரவாளர்கள் பலர் இன்றும் நம்புகிறார்கள். ஆனால் எண்களைப் பார்த்தால் வேறொரு எளிய காரணம் கண்ணில் படுகிறது. தென் கரோலினாவில் புட்டிஜெஜுக்கு 8 சதவீதமும் குளோபுச்சருக்கு 3 சதவீதமும்தான் கிடைத்தன. கறுப்பின வாக்காளர்களிடம் ஆதரவே இல்லாத ஒருவர் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முடியாது என்பது அங்கே நிரூபணமாகிவிட்டது. மார்ச் 3 வரை காத்திருந்து ஒவ்வொரு மாநிலத்திலும் 15 சதவீதத்துக்குக் கீழே விழுந்த பின் விலகினால், அந்த விலகலுக்கு மதிப்பே இருந்திருக்காது. மதிப்பு இருக்கும்போதே அதைக் கொடுத்தார்கள். புட்டிஜெஜ் பின்னர் பைடனின் போக்குவரத்துத் துறை அமைச்சரானார்.

இதில் கட்சி மேலிடத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. மேலிடத்தின் வேலையை வாக்காளர்கள் முதலில் செய்து காட்டினார்கள், தலைவர்கள் அதன்பின் போனார்கள் என்பதே என் கருத்து. தென் கரோலினாவில் வித்தியாசம் 29 புள்ளிகளாக இல்லாமல் 5 புள்ளிகளாக இருந்திருந்தால், எத்தனை தொலைபேசி அழைப்புகள் வந்திருந்தாலும் டாலஸ் மேடை அமைந்திருக்காது.

நியூயார்க் முன்னாள் மேயரும் பெருங்கோடீஸ்வரருமான மைக்கேல் புளூம்பெர்க் தனியாக ஒரு பத்திக்கு உரியவர். முதல் நான்கு மாநிலங்களை விட்டுவிட்டு, சொந்தப் பணத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் இறைத்துச் சூப்பர் செவ்வாயில் நேரடியாகக் குதித்தார். லாஸ் வேகஸ் விவாதத்தில் வாரன் அவரை நார் நாராகக் கிழித்த பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. பசிபிக் தீவுப் பகுதியான அமெரிக்கன் சமோவா ஒன்றில் மட்டும் வென்றார். மார்ச் 4 அன்று விலகிப் பைடனை ஆதரித்தார். வாரன் மார்ச் 5 அன்று விலகினார், ஆனால் சாண்டர்ஸுக்கு ஆதரவு தெரிவிக்கவில்லை. இடதுசாரித் தரப்பின் கோபம் இன்றுவரை அதில்தான் நிலைத்திருக்கிறது. வாரனின் வாக்குகள் அப்படியே சாண்டர்ஸிடம் போயிருக்கும் என்பது நிச்சயமில்லை. இருந்தாலும் ஒரு தரப்பில் மூவர் மூன்று நாளில் ஒருவர் பின்னால் அணிவகுத்தபோது, மறு தரப்பில் இருவர் கடைசிவரை பிரிந்தே நின்றார்கள் என்பதை மறுக்க முடியாது. கலிஃபோர்னியாவில் சாண்டர்ஸ் 36 சதவீதத்துடன் வென்றார், வாரன் 13 சதவீதத்துடன் மாநில அளவிலான பங்கை இழந்தார், ஆனால் பைடன் 28 சதவீதம் பெற்றுவிட்டதால் அஞ்சிய அந்தப் பெரிய இடைவெளி உருவாகவில்லை. மார்ச் 10 அன்று மிச்சிகனும் பைடனிடம் போனது. ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸ் விலகினார்.

இனி 2016-க்குப் போகலாம். அந்த ஆண்டு குடியரசுக் கட்சியில் குறிப்பிடத்தக்க வேட்பாளர்கள் மட்டும் 17 பேர். விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர் 2015 செப்டம்பரிலேயே விலகினார். விலகும்போது அவர் சொன்னதை அன்று பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: முன்னணியில் இருப்பவருக்கு மாற்றாக ஒரு சிலரை மட்டும் வாக்காளர்கள் கவனிக்கும் வகையில், மற்ற வேட்பாளர்களும் தன்னைப் போல விலக முன்வர வேண்டும் என்றார். டிரம்ப் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு விலகியவர் என்று ஒருவரையும் எனக்கு நினைவில்லை.

மாறாக நடந்தது இதுதான். ஃபுளோரிடா முன்னாள் ஆளுநர் ஜெப் புஷ்ஷை ஆதரித்த நிதிக் குழு நூறு மில்லியன் டாலருக்கு மேல் செலவிட்டது. அதில் பெரும்பகுதி டிரம்ப்பைத் தாக்கப் போகாமல் ஃபுளோரிடா செனட் உறுப்பினர் மார்கோ ரூபியோ போன்ற போட்டியாளர்களைத் தாக்கப் போனது. அயோவாவில் மூன்றாமிடம் பிடித்து எழுந்துகொண்டிருந்த ரூபியோவை, நியூ ஹாம்ப்ஷயருக்கு மூன்று நாள் முன் நடந்த விவாதத்தில், மனப்பாடம் செய்த வரிகளையே ஒப்பிக்கிறார் என்று நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி வறுத்தெடுத்தார். ரூபியோ அங்கே ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தார். கிறிஸ்டிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆறாம் இடம் பிடித்து மறுநாள் விலகி, அதே மாதம் டிரம்ப்பையே ஆதரித்தார். ஒவ்வொருவரும் டிரம்ப் தானாகவே விழுந்துவிடுவார், அப்போது மிச்சமிருப்பவன் நானாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரன் தீயணைப்பான் என்று வாசலில் நின்று பார்த்த கதைதான்.

விதிகளும் அந்தத் தயக்கத்தைத் தண்டித்தன. குடியரசுக் கட்சியில் பல மாநிலங்கள் முதலிடம் பிடித்தவருக்கே பெரும்பங்கையோ முழுப்பங்கையோ கொடுத்துவிடுகின்றன. பிப்ரவரி 20 அன்று தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம், கிடைத்தது 50 பிரதிநிதிகளில் 50 பேரும். ரூபியோவும் டெக்சாஸ் செனட் உறுப்பினர் டெட் குரூஸும் ஆளுக்கு 22 சதவீதம் வாங்கி வெறுங்கையோடு திரும்பினார்கள். புஷ் அன்றிரவு விலகினார், ஆனால் யாரையும் உடனே ஆதரிக்கவில்லை. மார்ச் 15 அன்று ஃபுளோரிடாவின் 99 பிரதிநிதிகளும் டிரம்ப்புக்குப் போக, சொந்த மாநிலத்தில் தோற்ற ரூபியோ விலகினார். அதே நாளில் ஒஹாயோவை அதன் ஆளுநர் ஜான் கேசிக் வென்றார். அது ஒன்றுதான் அவர் வென்ற மாநிலம், அதை வைத்துக்கொண்டு மே மாதம் வரை அவர் நகரவில்லை.

ஏப்ரல் கடைசியில் குரூஸும் கேசிக்கும் ஓர் உடன்பாட்டை அறிவித்தார்கள்: இண்டியானாவைக் குரூஸுக்குக் கேசிக் விட்டுக்கொடுப்பார், ஓரிகனையும் நியூ மெக்சிகோவையும் குரூஸ் விட்டுக்கொடுப்பார். மறுநாளே கேசிக், இண்டியானாவில் உள்ள தன் ஆதரவாளர்கள் தனக்கே வாக்களிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாதி விலகல் என்று ஒன்று கிடையாது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மே 3 அன்று இண்டியானாவில் தோற்ற குரூஸ் விலகினார், மறுநாள் கேசிக்கும் விலகினார். ஏப்ரல் 19 அன்று நியூயார்க் வரும்வரை எந்த மாநிலத்திலும் பாதி வாக்குகளைத் தொடாத ஒருவர், மொத்த முதன்மை வாக்குகளில் சுமார் 45 சதவீதத்துடன் வேட்பாளர் ஆனார். அவர் பின்னர் அதிபராகவும் ஆனார் என்பதால், கட்சியின் வாய்ப்பு அதனால் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. கட்சியின் பெருந்தலைகள் விரும்பாத வேட்பாளரை அவர்களே பிரிந்து நின்று வேட்பாளராக்கினார்கள், பிறகு கட்சியே அவருடையதாகிவிட்டது என்பதுதான் விஷயம்.

விலகல் எல்லா நோய்க்கும் மருந்தல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024-இல் குடியரசுக் கட்சியினர் பாடம் கற்றவர்கள் போலச் சீக்கிரமே விலகினார்கள். கிறிஸ்டி ஜனவரி 10 அன்றும், விவேக் ராமசாமி அயோவா முடிந்த இரவும், ரான் டிசாண்டிஸ் ஜனவரி 21 அன்றும் போனார்கள். தென் கரோலினா முன்னாள் ஆளுநர் நிக்கி ஹேலிக்கு டிரம்ப்புடன் நேருக்கு நேர் களம் கிடைத்தது. நியூ ஹாம்ப்ஷயரில் 43 சதவீதம் வாங்கினார், ஆனால் கடைசியில் வெர்மாண்ட் மாநிலத்திலும் தலைநகர் வாஷிங்டனிலும் மட்டுமே வென்றார். ராமசாமியும் டிசாண்டிஸும் விலகி ஆதரித்தது டிரம்ப்பைத்தான். அயோவாவில் 51 சதவீதம் வாங்கிவிட்டவரை எதிர்த்து எவ்வளவு பேர் ஒதுங்கினாலும் கணக்கு மாறாது.

ஜனநாயகக் கட்சியின் 2024 கதை இன்னும் சிக்கலானது, எனக்கு அதிக வருத்தம் தருவதும் அதுதான். 2020-இல் தன்னைக் காப்பாற்றிய தென் கரோலினாவை முதல் இடத்துக்கு நகர்த்தும்படி பைடன் கேட்டார். கட்சியின் தேசியக் குழு 2023 பிப்ரவரியில் அதை ஏற்றது. அயோவா பின்னுக்குத் தள்ளப்பட்டது. நியூ ஹாம்ப்ஷயர் பணியாமல் ஜனவரி 23 அன்று தன் தேர்தலைத் தானே நடத்தியது. வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத பைடன், வாக்காளர்கள் கையால் எழுதிய பெயராக அங்கே வென்றார். பலம் வாய்ந்த தலைவர் எவரும் எதிர்த்து நிற்கவில்லை. மினசோட்டா நாடாளுமன்ற உறுப்பினர் டீன் ஃபிலிப்ஸ் நின்றார், அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. கட்சி விவாதங்களே நடக்கவில்லை. மிச்சிகனில், காசா போர் தொடர்பான கோபத்தில், யாருக்கும் இல்லை என்ற கட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தது மட்டும் ஓர் எச்சரிக்கையாக வந்துபோனது.

ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் டிரம்ப்புடன் நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதை உலகமே பார்த்தது. ஜூலை 21 அன்று அவர் விலகினார், சற்று நேரத்தில் ஹாரிஸை ஆதரித்தார். மறுநாள் மாலைக்குள் பெரும்பான்மைப் பிரதிநிதிகள் ஹாரிஸ் பக்கம் வந்துவிட்டார்கள். ஒற்றுமை என்று பார்த்தால் டாலஸ் மேடையைவிட வேகமானது. ஆனால் 2020-இல் வாக்காளர்கள் சொல்லித் தலைவர்கள் விலகினார்கள். 2024-இல் எல்லா மாநிலங்களிலும் வாக்குப்பதிவு முடிந்த பின் விலகல் வந்தது. தன் பெயருக்கு அந்த ஆண்டில் ஒரு முதன்மை வாக்குகூட வாங்காத ஒருவர், 107 நாள் பிரச்சாரத்துடன் பொதுத்தேர்தலைச் சந்தித்து, அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் வாக்குகளில் 226க்கு 312 என்ற கணக்கில் தோற்றார். போட்டி நடந்திருந்தால் ஹாரிஸே வென்றிருக்கலாம், வலுவடைந்தும் இருக்கலாம். வேறொருவர் வந்திருக்கலாம். பைடன் 2023 தொடக்கத்தில் விலகியிருந்தால் அது தெரிந்திருக்கும். அந்த மாதங்களில் நம் செய்தித்தாள்கள் ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் நடந்த பூசைகளுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியைக்கூட, அவர் எந்த வழியாக வேட்பாளரானார் என்பதை விளக்கக் கொடுக்கவில்லை என்பது என் பழைய மனக்குறை.

இதற்கு 1968 ஓர் ஒப்புமை தருகிறது. மார்ச் 31 அன்று லிண்டன் ஜான்சன் விலகினார். துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி எந்த முதன்மைத் தேர்தலிலும் நிற்காமலேயே, சிகாகோ மாநாட்டில் கட்சி நிர்வாகிகள் கையிலிருந்த பிரதிநிதிகளால் வேட்பாளரானார். கலிஃபோர்னியாவில் வென்ற இரவே ராபர்ட் கென்னடி சுடப்பட்டிருந்தார். மாநாட்டுக்கு வெளியே காவல்துறைத் தடியடி, நவம்பரில் தோல்வி. அந்தக் காயத்திலிருந்துதான் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான சீர்திருத்தக் குழு உருவாகி, வேட்பாளர் தேர்வு வாக்காளர்கள் கைக்கு வந்தது. அதே விதிகளைக் கொண்டு 1972-இல் வேட்பாளரான மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றதும், மிரண்ட கட்சி 1980களில் வாக்காளர் கட்டுப்பாடில்லாத சூப்பர் பிரதிநிதிகளைக் கொண்டுவந்ததும், 2016-இல் சாண்டர்ஸ் ஆதரவாளர்களிடம் எழுந்த கசப்புக்குப் பின் 2018-இல் அவர்களுக்கு முதல் சுற்றில் வாக்கில்லை என்று மாற்றியதும் தொடர்கதை. இத்தனை திருத்தங்களிலும் யார் எப்போது விலக வேண்டும் என்பதை எந்த விதியும் தொடவில்லை, தொடவும் முடியாது.

விலகலை வாக்குச்சீட்டுக்குள்ளேயே வைத்துவிடும் ஒரு வழி இருக்கிறது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையில், பின்தங்கியவர் நீக்கப்பட்டால் அவருக்கு விழுந்த வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போய்விடும். 2020-இல் அலாஸ்கா, ஹவாய், கான்சாஸ், வயோமிங் ஆகிய மாநிலங்களின் ஜனநாயகக் கட்சித் தேர்தல்கள் அப்படித்தான் நடந்தன. நான்குமே சாண்டர்ஸ் விலகிய பிறகு முடிந்ததால் அந்த முறையின் உண்மையான சோதனை நடக்காமலே போனது. கலிஃபோர்னியாவில் மார்ச் 3-க்கு முன்னரே அஞ்சலில் வாக்களித்துவிட்ட பலர், அதற்குள் விலகிவிட்ட புட்டிஜெஜுக்கும் குளோபுச்சருக்கும் வாக்கை வீணாக்கினார்கள். அவர்களுக்கு இரண்டாம் விருப்பம் கேட்கப்படவே இல்லை. இந்த முறை பரவினால் டாலஸ் மேடை போன்ற நாடகங்களுக்குத் தேவை குறையும். பெரிய மாநிலங்கள் அதை ஏற்கும் அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை.

2028-இல் ஜனநாயகக் கட்சியின் களம் மறுபடி திறந்திருக்கும். கவின் நியூசம், ஜே.பி. பிரிட்ஸ்கர், ஜோஷ் ஷபீரோ, புட்டிஜெஜ், அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் ஆகிய பெயர்கள் அடிபடுகின்றன. ஹாரிஸும் வாய்ப்பை மறுக்கவில்லை. 2025 நவம்பரில் வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்சியிலும் மிதவாத ஆளுநர் வேட்பாளர்களும், நியூயார்க் நகரில் இடதுசாரி சோரான் மம்தானியும் ஒரே நாளில் வென்றதால், கட்சியின் இரு தரப்பும் தங்கள் வழியே சரி என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் இருக்கின்றன. இரு தரப்புக்கும் சிறுநன்கொடை இணையத்தில் வந்துகொண்டே இருக்கும் காலத்தில், பணம் தீர்ந்து விலகும் பழைய கட்டாயமும் தளர்ந்துவிட்டது. எந்த மாநிலம் எப்போது வாக்களிக்கும் என்ற அட்டவணையும் மறு ஆய்வுக்கு வந்திருக்கிறது. பெயர்ப் பட்டியலைவிட அந்த அட்டவணையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கட்சி வாக்காளர்களில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள ஒரு மாநிலம் சூப்பர் செவ்வாய்க்கு மூன்று நாள் முன் வந்தால், பின்தங்கியவர்கள் யோசிக்க நேரமில்லாமல் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதே மாநிலம் முதலிலேயே வந்து, சூப்பர் செவ்வாய்க்கு ஒரு மாத இடைவெளி இருந்தால், அதில் தோற்ற ஒவ்வொருவருக்கும் அடுத்த மாநிலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்ள நான்கு வாரங்கள் கிடைக்கும்; அப்போது 15 சதவீத விதி 2020-இல் பயமுறுத்தியதை 2028-இல் செய்தும் காட்டக்கூடும்.